சோப்பு கரையாத குளியல்

படப்பை மெயின் ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் செவ்வாயும் வெள்ளியும் காலையில் ஓ.பி. பார்த்துக்கொண்டிருந்தேன். மனநல மருத்துவர் என்று போர்டு வைத்தால் ஒருத்தரும் உள்ளே நுழைய மாட்டார்கள் என்று ஆஸ்பத்திரிக்காரர் 'நரம்பு, தூக்கம், தலைவலி' என்று எழுதி வைத்திருந்தார். அதனால் தலைவலிக்காரர்கள் நிறைய வந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. மீதிப் பேர் என் கேஸ். அந்த நாட்களை நினைத்தாலே, என் மேஜைக்கு எதிரே இரண்டாவது நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காரும் ஒரு பெண்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறார்.

பென்னலூரில் மூன்று மாடி ஆண்கள் ஹாஸ்டல் ஒன்றை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு கான்ட்ராக்டர் அந்தக் கட்டடத்தை மொத்தமாக எடுத்துத் தன் பையன்களைத் தங்க வைத்திருந்தார். அறுபது பையன்கள், மூன்று ஷிஃப்ட். சாப்பாடு, தண்ணீர், சாவி, சண்டை எல்லாம் இவர் பொறுப்பு. கணவர் கம்பெனி பஸ் ஓட்டினார். பையன்கள் இவரை அக்கா என்றார்கள். என்னைவிட நாலு வயது சின்னவர்தான். ஊரே அக்கா என்னும்போது நான் மட்டும் தனியாக என்ன கூப்பிடுவது என்று நானும் அக்கா என்றேன்.

முதல் தடவை அவர் வந்தபோது கூட ஒரு பையனை அழைத்து வந்திருந்தார். அக்காவின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் நாடா. அதில் அட்டைக்குப் பதிலாகச் சாவிக்கொத்து. "என்ன பிரச்னை?" என்று கேட்டேன்.

"பிரச்ன இன்னான்னு நீங்க தான் சொல்லணும் டாக்டர். நான் பாத்தத சொல்றேன். திங்கக்கெழம போட்ட சட்ட, இன்னிக்கு வெள்ளி, அதே சட்ட. செல்லு ஆஃப் ஆயி மூணு நாளாச்சி, சார்ஜு போடல. ரெண்டு இட்லி வச்சா ஒண்ண பிச்சி வச்சிட்டு எழுந்துக்கறான். அவ்ளோதான்."

நான் அந்தப் பையனிடம் இருபது நிமிஷம் பேசினேன். எனக்கும் அவ்வளவுதான் கிடைத்தது. "டிப்ரஷன் மாதிரி இருக்கு, இல்லையா அக்கா?" என்று சும்மா கேட்டுப் பார்த்தேன்.

"அது உங்க டிபார்ட்மெண்ட்டு" என்றார்.

எப்போதும் இப்படித்தான். பார்த்ததைச் சொல்வார், பார்த்ததற்கு ஒரு இம்மி அந்தப் பக்கம் போக மாட்டார். மற்றவர்கள் அழைத்து வரும் நோயாளிகள் என்னிடம் வரும்போதே ஒரு தீர்ப்போடு வருவார்கள். காதல் தோல்வி சார், செய்வினை சார், சோம்பேறித்தனம் சார், செல்போன் சார். இவர் மட்டும் வெறும் கண்ணோடு வருவார். ஹாஸ்டலில் இதனால் எல்லோருக்கும் எரிச்சல். தட்டை உடைத்தது யார் என்று கேட்டால், "ஒடஞ்ச தட்டத்தான் பாத்தேன்" என்பாராம். ஒருமுறை இவரைக் கூட்டிப்போக வந்த கணவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "பத்து வருஷமா என்ன பாத்துகினு கீறா சார். நான் நல்லவனா கெட்டவனான்னு இன்னும் ஒரு வார்த்த சொல்லல." இவர் பைக்கில் ஏறிக்கொண்டே, "இன்னும் பாத்து முடிக்கல" என்றார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். ஹாஸ்டலுக்கு வரும் முன் எட்டு வருஷம் ஒரு கம்பெனியில் விஷுவல் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தாராம். அச்சில் வார்த்த பிளாஸ்டிக், கார் ஹெட்லைட்டின் முன்கண்ணாடி, பெல்ட்டில் வரும். எடுத்து ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்து, சாய்த்து, திருப்பி, கீறல், குமிழ், புள்ளி என்று எது தெரிகிறதோ அதை ஃபாரத்தில் எழுத வேண்டும்.

"ஒரு தபா குமிழு குமிழா வந்துச்சி. நான் பெரிய அறிவாளியாட்டம் 'மோல்டு சூடு ஜாஸ்தி'ன்னு எழுதிட்டேன். மூணு நாளு அல்லாரும் சூட்டையே கொறச்சிகினு இருந்தாங்க. குமிழு வந்துகினே கீது. கடசில பாத்தா, மோல்டுல கொட்டற பிளாஸ்டிக் குருணைல ஈரம். லைன் லீடரு கூப்ட்டு வுட்டாரு ஒரு டோஸு. சூட்ட நீ பாத்தியா? நீ பாத்தது குமிழு. குமிழுன்னு எழுது. காரணத்த கண்டுபிடிக்க வேற ஆளு கீறான். நீ காரணம் எழுதுனா அவன் கண்ண மூடிக்குவான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு அதை ஒரு நல்ல கம்பெனிக் கதையாகத்தான் கேட்டு ரசித்தேன். பாடப் புத்தகத்தில் இருந்திருந்தால் அடிக்கோடு போட்டிருப்பேன்.

அந்த வருஷம் சித்திரை வெயிலில் அவர் அழைத்து வந்தவனைச் செல்வம் என்று வைத்துக்கொள்வோம். தென்காசிப் பக்கம். இருபத்திரண்டு வயது, டிப்ளமா. ஒரகடத்தில் லாரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் லைனில் ட்ரெய்னி. அடுத்த மூன்று மாதத்தில் கன்ஃபர்மேஷன் லிஸ்ட் வர இருந்தது. கான்ட்ராக்டர் ஆளாக உள்ளே போன பையன்களில் கம்பெனி ரோலுக்கு எடுக்கப்படுபவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இவன் பெயர் அதில் இருக்கும் என்று சூப்பர்வைசரே சொல்லியிருந்தார். அந்த லிஸ்ட்டில் வருவதற்காகவே அவன் மூன்று வருஷம் ஒரு ஓ.டி. விடாமல் பார்த்திருந்தான்.

ஆனால் ஐந்து மாதமாக வாந்தி. காலையில் எழுந்ததும் வாந்தி, சாப்பிட்டால் வாந்தி, நாலு நாள் நின்று மறுபடியும் வாந்தி. எண்டோஸ்கோப்பி எடுத்தாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல். கேன்டீன் சாப்பாடு என்றார்கள், அல்சர் என்றார்கள், கடைசியில் மனசு என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள். அறுபத்திரண்டு கிலோ இருந்தவன் ஐம்பதுக்கு வந்திருந்தான்.

"ஒரு நாளைக்கு ஆறு தபா குளிக்கறான் டாக்டர்" என்றார் அக்கா. "சில நாளு எட்டு. மாடில சோலார் ஹீட்டர் தண்ணி மொத்தமும் இவனே காலி பண்றான். அடுத்தவன் திட்றான்."

என் காது அங்கேயே நின்றுவிட்டது. "குளிக்காம இருந்தா என்ன ஆகும் செல்வம்?" என்று கேட்டேன்.

"ஒரு மாதிரி வரும் சார். குளிச்சாத்தான் நிம்மதி."

போதாதா? ஓ.சி.டி. என்று எழுதினேன். சுத்தம் பற்றி விடாமல் வரும் எண்ணம், அதனால் பதற்றம், பதற்றத்தால் வாந்தி. எல்லாம் அழகாகப் பொருந்தியது. வழக்கமான கேள்விகளையும் கேட்டேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கதவு பாதி திறந்திருந்தது, அடுத்த டோக்கன்காரர் தலையை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சிகரெட், குடி உண்டா?" "இல்ல சார்." அத்தோடு விட்டேன். கஞ்சா என்ற வார்த்தையை நான் உச்சரிக்கவில்லை. நெற்றியில் திருநீறு, சட்டையில் மேல் பட்டன்வரை போட்டிருந்தான், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். இவனைப் போய் அதைக் கேட்டால் மனசு நோகும் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

மூன்று வாரம் மாத்திரை கொடுத்தேன். வாந்தி நிற்கவில்லை. நாலாவது வாரம் அக்கா தனியாக வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து இரண்டு சோப்பு டப்பாவை எடுத்து என் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் திறந்தார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கலர்.

"இது பக்கத்துக் கட்டில் பையனோடது. இது செல்வத்தோடது. ரெண்டு பேரும் ஒண்ணா கடைக்கிப் போயி ஒரே நாளு வாங்கினாங்க. மாசம் ஒண்ணாச்சி. பாருங்க."

பக்கத்துக் கட்டில் பையனின் சோப்பு வெற்றிலை மாதிரி மெலிந்து நடுவில் விரிசல் விட்டிருந்தது. செல்வத்தின் சோப்பில் மேலே அச்சடித்த எழுத்துகூட அழியவில்லை.

"அவன் ஒரு தபா குளிக்கறான், இவன் ஆறு தபா குளிக்கறான். லைன்ல நாங்க இப்டித்தான் ஒரு நல்ல பீஸ பக்கத்துல வச்சி பாப்போம்" என்றார். "சுத்தத்துக்கு குளிக்கறவன் சோப்ப கரைப்பான்ல? இவன் தொடறதே இல்ல. பச்சத் தண்ணியும் ஊத்தறதில்ல. வெளிய மண்டைய பொளக்கற வெயிலு, இவன் கொதிக்கற தண்ணிய ஊத்திகினு வயித்த புடிச்சிகினு பக்கெட்ட கவுத்து அதும்மேல ஒக்காந்துகினு கீறான். மயக்கம் வந்தா இன்னா பண்றதுன்னு கதவக்கூட சாத்தறதில்ல. முதுகெல்லாம் வெந்து செவந்து போயிகீது."

நான் அந்தச் சோப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் பல தடவை, வருஷக்கணக்கில் கஞ்சா புகைப்பவர்களில் சிலருக்கு இப்படி விடாத வாந்தி வரும். எந்த மாத்திரைக்கும் சரியாகக் கட்டுப்படாது. சுடுதண்ணீர் மேலே விழுந்துகொண்டிருக்கும்வரை மட்டும் வயிறு அடங்கும். அதனால் குளித்துக்கொண்டே இருப்பார்கள். படித்திருந்தேன். பரீட்சையில் எழுதியும் இருந்தேன். ஆனால் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தபோது, நான் குமிழைப் பார்த்துவிட்டுச் சூடு என்று எழுதிவிட்டேன்.

"அக்கா, ஹாஸ்டல்ல கஞ்சா புழங்குதா?"

"நான் பாக்கல" என்றார்.

"மொட்டை மாடியில?"

"மாடிக்கு நான் போறதில்ல டாக்டர். ஆறு மாசமாச்சி. துணி காயப் போட கீழயே கயிறு கட்டிட்டேன். தண்ணி டேங்க்க எங்க வூட்டுக்காரரு பாத்துக்கறாரு."

"ஏன் போறதில்ல?"

"போனா பாத்துருவேன். பாத்தா சொல்லணும். கஞ்சாவோட எவனாச்சும் மாட்டுனா அன்னிக்கே ஆபீஸுக்கு சொல்லணும், அன்னிக்கே அவன் பொட்டியக் கட்டணும். கான்ட்ராக்டரு ரூலு. இவன் லிஸ்ட்டுல வரப் போறான். அதான் போவல."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் நான் வியந்த கண் அது. அது தன் இஷ்டத்துக்கு மூடியும் கொள்ளும் என்பது அன்றுதான் தெரிந்தது. ஆறு மாதமாக மாடிப் படியில் கால் வைக்காமலே இருந்திருக்கிறார். கீழே ஒருத்தன் பன்னிரண்டு கிலோ இளைத்திருக்கிறான். கேட்கவும் கேட்டேன், கொஞ்சம் கடுமையாகவே. அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வாந்திக்கும் அதுக்கும் சம்மந்தம் கீதுன்னு எனக்குத் தெரியாது டாக்டர். தெரிஞ்சிருந்தா போயிருப்பேன்." அது உண்மைதான். சம்பந்தம் தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

அப்போதுதான் இன்னொரு தப்பைச் செய்தேன். "அக்கா, ஒருதடவை மாடிக்குப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்களேன்" என்றேன்.

"பாக்கணுமா?"

"பாத்தா எனக்கு உறுதியா இருக்கும்."

"அவன கேட்டா சொல்ல மாட்டானா?"

"பொய் சொல்லிட்டான்னா?"

அவர் சோப்பு டப்பாக்களை மூடிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை செல்வத்தோடு வந்தார். அவனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்து, நின்றபடியே சொன்னார். "டேங்க்குக்குப் பின்னால ரெண்டு செங்கல்லு. நடுவுல பிஸ்கெட் டப்பா. உள்ள மூணு பொட்டலம், சுருட்டற பேப்பரு, சின்ன கத்திரி. செவ்வாக்கெழம சாயங்காலம் அஞ்சர மணி. செல்வம் ஒக்காந்துகினு இருந்தான். கையில இருந்துச்சி. அவன் என்ன பாத்தான். நானும் பாத்தேன்." வேறு ஒரு வார்த்தை இல்லை. வழக்கமாக என் முகத்தைப் பார்த்துச் சொல்பவர், அன்று மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். செல்வத்தை உட்கார வைத்து நேராகக் கேட்டேன். "செல்வம், கஞ்சா எவ்வளவு நாளா?"

"மூணு வருசமா சார்."

இமைகூடக் கொட்டவில்லை. நான்தான் தடுமாறினேன். "தினமுமா?"

"தெனமும் மூணு நாலு தடவ. லீவு நாள்ல எண்ணுததில்ல."

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார். சிகரெட்டு, குடின்னுதான கேட்டிய. அது ரெண்டும் எனக்குக் கெடையாது."

பிறகு அவனே கொட்டினான். ஷிஃப்ட் மாறி மாறி வந்ததில் தூக்கம் போய்விட்டது. ஒரு ரூம்மேட் கொடுத்தான். இழுத்தால் தூக்கம் வந்தது, பசித்தது. வாந்தி ஆரம்பித்ததும் இன்னொருத்தன், "வாந்திக்கு இது நல்லதுல, வெளிநாட்டுல ஆஸ்பத்திரியிலயே குடுக்கான்" என்றிருக்கிறான். அதனால் வாந்தி வர வர அதிகமாக இழுத்திருக்கிறான். அந்த ரூம்மேட்டைச் சும்மா பொய்யன் என்று தள்ளிவிடவும் முடியாது. கஞ்சாவிலிருந்து எடுக்கும் மருந்து சில நோயாளிகளுக்கு வாந்தியை அடக்கக் கொடுக்கப்படுவது நிஜம்தான். அதுவே, நாள்பட்டுத் தினமும் உள்ளே போனால், சிலருடைய வயிற்றில் தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும். இதை அவனுக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

"செடிதான சார்? ரசாயனம் ஒண்ணும் இல்லல்லா?"

"அரளியும் செடிதான் தம்பி."

முதல்முறையாகச் சிரித்தான். மற்றதையும் கேட்டேன். காதில் குரல் கேட்கிறதா, யாராவது பின்தொடர்வதுபோல் இருக்கிறதா? இல்லை. குடும்பத்தில் யாருக்காவது? சித்தப்பா ஒருவர் வருஷக்கணக்காகத் தனக்குத் தானே பேசிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறாராம். அப்படிக் குடும்பத்தில் இருந்தால் கஞ்சா அந்தக் கதவை உனக்கும் திறந்துவிட வாய்ப்பு அதிகம் என்று சொன்னேன். பிரஸ்ஸில் வேலை எப்படி என்றேன். இரண்டு தடவை கை உள்ளே இருப்பதை மறந்து பட்டனை அழுத்திவிட்டதாகவும், சென்சார் நிறுத்தியதால் பிழைத்ததாகவும் மெதுவாகச் சொன்னான். வயிற்றுக் கோளாறு என்று மட்டும் எழுதி மூன்று வாரம் லீவு கொடுத்தேன். ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிக் கிடந்தது. இரண்டு நாள் ட்ரிப் ஏற்றினோம். ஓ.சி.டி. மாத்திரையை நிறுத்தினேன். மாடியில் இருந்த பிஸ்கெட் டப்பாவை அவனே எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டினான்.

கஞ்சாவை விட்ட பிறகு நடந்ததை அக்கா போனில் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முறை செல்வத்தையே கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் அவரிடம் கேட்டேன். முதல் வாரம்: "தூங்கல. பனியன் தெப்பலா நனையுது. பக்கத்துக் கட்டில் பையன் ஃபேன கொறச்சதுக்கு அடிக்க எழுந்துட்டான். தூக்கத்துல கத்தறான்." இது எதிர்பார்த்ததுதான், இரண்டு வாரத்தில் அடங்கும், கூட இருங்கள் என்றேன். மூன்றாவது வாரம்: "குளியலு மூணா கொறஞ்சிகீது. வாந்தி ரெண்டு நாளா பாக்கல." ஐந்தாவது வாரம் காலை ஒன்பது மணிக்கே போன். "டாக்டர், நேத்து ஒரே தபா குளிச்சான். பச்சத் தண்ணி. சோப்பு போட்டான்." எனக்கு இருந்த சந்தோஷத்தில் ஓ.பி.யில் உட்கார்ந்திருந்த தலைவலிக்காரரிடமே அதைச் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். மனநலம் படிக்கும் பிள்ளைகளுக்கும் கவுன்சலர்களுக்கும் கஞ்சா பற்றி வகுப்பு எடுக்கக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் இந்தச் சோப்புக் கதையைச் சொல்வேன். விடாத வாந்தி, சுடுதண்ணீர்க் குளியல், என்று எல்லோரும் நோட்டில் குறித்துக்கொள்வார்கள். கைதட்டக்கூடச் செய்வார்கள். நானும் அதோடு நிறுத்திவிடுவேன். மிச்சத்தைச் சொல்ல எனக்கு இதுவரை தைரியம் வந்ததில்லை.

லிஸ்ட் வர ஒரு வாரம் இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா வந்தார். எப்போதும் நேராக உள்ளே வருபவர், அன்று டோக்கன் எடுத்து, வரிசையில் உட்கார்ந்து, தன் முறைக்கு வந்தார். கூட யாரும் இல்லை.

"யாருக்கு அக்கா?"

"எனக்குத்தான். அஞ்சி நாளா தூக்கம் இல்ல. காபி போட்டு வக்கறேன், குடிக்காமயே ஆறிப் போவுது. சாவிய எங்க வச்சேன்னு கழுத்துல மாட்டிகினே தேடறேன்." மற்றவர்களைச் சொல்வது போலவே தன்னையும் சொன்னார்.

கான்ட்ராக்டர் ஆபீசிலிருந்து ஆள் வந்திருக்கிறார். சுடுதண்ணீர் கிடைக்காத பழைய கோபத்தில் யாரோ ஒரு பையன், மாடியில் கஞ்சா அடிக்கிறார்கள், செல்வம்தான், என்று போன் போட்டிருக்கிறான். வந்தவர் மாடியில் தேடியிருக்கிறார், அங்கே ஒன்றுமில்லை. பையன்களைக் கேட்டிருக்கிறார், ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் எல்லோரையும் போகச் சொல்லிவிட்டு, "இவனுங்க சொல்றது எதுவும் வேணாம். அக்கா, நீ பாத்தியா? நீ சொன்னா நான் எழுதிக்கறேன்" என்றிருக்கிறார்.

"நான் இன்னா சொன்னேன் தெரியுமா டாக்டர்?"

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் சொல்லட்டும் என்று இருந்தேன்.

"பாக்கலன்னு சொன்னேன். மறுபேச்சு பேசல அந்தாளு. அக்காவே சொல்லிட்டா, அப்புறம் இன்னான்னு நோட்ட மூடிகினு போயிட்டான். நம்பாம ரெண்டு கேள்வி கேட்டு சண்ட போட்டிருந்தான்னா எனக்கு மனசு ஆறியிருக்கும். அப்டியே நம்பிட்டான்."

"நீங்க சொன்னதாலதான் அக்கா அவன் வேலை இருக்கு. அவன் இப்ப விட்டுட்டான்..."

"தெரியும். அதுக்கு நான் வருத்தப்படல. வேற எவன் கேட்டாலும் அத்தயேதான் சொல்லுவேன்." சாவிக்கொத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். "மாடிக்கு போவாம இருந்திருந்தா, பாக்கலன்னு சொன்னது உண்மையா இருந்திருக்கும்ல? அதுக்குத்தான் டாக்டர் நான் ஆறு மாசம் போவல. நீங்க கேட்டதும் ஒரு நிமிஷத்துல அல்லாத்தயும் ஒத்துகிட்டதா செல்வம் சொன்னான். உங்களுக்கு அவனக் கேக்க கூச்சம். அதுக்கு என்ன பாக்க அனுப்புனீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். மன்னிச்சிடுங்க அக்கா என்றேன். அது எனக்கே சின்னதாகத்தான் கேட்டது.

"எட்டு வருஷம் லைன்ல, இங்க அஞ்சி வருஷம். பாத்தேன்னா பாத்தேன், பாக்கலன்னா பாக்கல. இப்போ சாம்பாருல உப்பு பாத்தியான்னு கேட்டாக்கூட, பாத்தேன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு மாதிரி கீது."

தூக்கத்துக்கு மாத்திரை எழுதவில்லை. எழுதினால் அதுவும் ஒரு தப்பாகியிருக்கும். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். முக்கால்வாசி நேரம் நான்தான் பேசினேன். இரண்டு வாரத்தில் தூக்கம் வந்துவிட்டதாகப் பிறகு சொன்னார். செல்வம் லிஸ்ட்டில் வந்தான். ஐம்பத்தெட்டு கிலோவோடு, புது அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து காட்டினான். நடுவில் ஒருமுறை ஊர்த் திருவிழாவில் கஞ்சாவைத் தொட்டுவிட்டு, மூன்றாம் நாள் வாந்தியோடு அவனாகவே வந்து சொன்னான். அதன்பின் தொட்டதாக என்னிடம் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

அடுத்த மாதம் அக்கா வேறொரு பையனை அழைத்து வந்தார். குச்சி மாதிரி ஒருத்தன். கண் சிவந்து, கால் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அக்காவை இரண்டாவது நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். பழக்க தோஷம், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"சொல்லுங்க அக்கா, என்ன பாத்தீங்க?"

அவர் அந்தப் பையனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவன் இங்கதான ஒக்காந்துகினு கீறான் டாக்டர். அவனயே கேளுங்க."

எழுந்து வெளியே போய்க் கதவை முழுசாகச் சாத்தினார். நான் நாற்காலியைப் பையன் பக்கம் திருப்பிப்போட்டு, கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டேன். அவனும் சொன்னான். அதற்குப் பிறகு நான் படப்பையை விட்டு வரும்வரை, இரண்டு வருஷம், அவர் பையன்களை அழைத்து வந்துகொண்டுதான் இருந்தார். வாசல் பெஞ்சு வரைக்கும்.